அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

வெள்ளிமலை
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கொளஞ்சியப்பன் எழுதுகிறேன். எனக்குத் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறது. நீ சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? மலர்விழியைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் வக்கீல் இளவரசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா செத்துப்போன வழக்கில் புகார் கொடுத்தவள் நீ, குற்றம் சாட்டப்பட்டவன் நான். "ரெண்டு பேரும் போன்ல பேசிக்கினு இருந்தீங்கன்னா இன்சூரன்ஸ்காரன் அந்தக் கணக்கை எடுத்துக்கினு வந்து ரெண்டும் கூட்டுன்னுவான். நேர்லயும் பாத்துக்காதீங்க" என்றார். கோர்ட் காகிதத்தில் என் பெயருக்கு முன்னால் 'எதிரி' என்று போட்டிருக்கிறது, அக்கா.

லைசென்சை ஆறு மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஸ்டியரிங் பிடிக்க முடியாதவனுக்கு ஊரில் என்ன வேலை? சந்தியாவைக் களமருதூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, இங்கே மலைமேல் ஒரு மிளகுத் தோட்டத்துக்குக் களை வெட்ட வந்துவிட்டேன். தோட்டத்தில் டவரும் கிடையாது.

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. 'என் தம்பி கொளஞ்சியப்பன் என்பவர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி என் கணவர் அய்யனார் என்பவரின் இறப்புக்குக் காரணமானார்' என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்து. புளி மூட்டை ஏற்றிய பிக்கப்பை அந்த மலை இறக்கத்தில் யாராவது அதிவேகமாக ஓட்டுவானா? பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். ஓர் ஆட்டுக்குட்டியை அடித்ததில்லை. நீ எப்படி அதில் கையெழுத்துப் போட்டாய்?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
கொளஞ்சி


சின்னசேலம்
29.6.2025

அன்புள்ள தம்பி கொளஞ்சிக்கு,

அக்கா எழுதுவது. கை தூக்க முடிகிறது என்று படித்ததும் கொஞ்சம் நிம்மதி. எனக்குச் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. மலர்விழி பதினொன்றாம் வகுப்பு போகிறாள். காமர்ஸ் எடுத்திருக்கிறாள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். மார்ச் ஆறாம் தேதி வியாழக்கிழமை. காலையில் புளி வாங்கப் போன மனுஷன் மத்தியானம் ஆஸ்பத்திரியில் துணி மூடிக் கிடக்கிறார். உன்னை எந்த வார்டில் வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து வந்தவர், "வண்டி ஓட்டினது யாரும்மா?" என்றார். "எந்தம்பிங்க" என்றேன். "புகார் இருந்தாத்தான் போஸ்ட்மார்ட்டம் பண்ணிக் குடுப்பாங்க, இங்க போடு" என்று பேப்பரை நீட்டினார். போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது எல்லா விபத்துக்கும் எழுதுகிற வரியாம்.

அதற்கு என்னைத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். அந்த வளைவில் என்ன நடந்தது? நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்கக் கூடாதென்று இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்திலும் நீ தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய். தூங்கிவிட்டாயா? பிரேக் பிடிக்கவில்லையா? எதுவானாலும் எழுது.

வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொள்.

உன் அக்கா
தங்கமணி


வெள்ளிமலை
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. அட்டைக்கடியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சர்க்கரைக்கு அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு சாப்பிடு.

கோர்ட்டுக்கு மூன்று முறை போய் வந்தேன். முதல் முறை குற்றப்பத்திரிகை நகல் தயாராகவில்லை என்றார்கள். அடுத்த முறை ஜட்ஜம்மா லீவு. மூன்றாவது முறை வக்கீல்கள் கோர்ட்டுக்குள் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் விடியற்காலை மலையிலிருந்து பஸ் பிடித்து, அந்த வளைவைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அங்கே கண்ணை மூடிக்கொள்வேன். சாயந்திரம் வாய்தாத் தேதி எழுதிய சீட்டோடு திரும்புவேன். என்னை ஒரு வார்த்தை இதுவரை யாரும் கேட்கவில்லை.

வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் பிரேக்கில் பழுது எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். எதிரே வந்த மினி பஸ் கண்டக்டர் ஒருவர்தான் பார்த்த சாட்சி. அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், இருக்கிற இடமே தெரியவில்லையாம். வக்கீல் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "உங்கக்கா கூண்டுல ஏறி, நான் பாக்கலீங்க, மாடு குறுக்க வந்துச்சுன்னுதான் ஊர்ல சொன்னாங்க, போலீஸ் எழுதினதுல கையெழுத்துதான் போட்டேன்னு சொன்னா போதும். கேஸ் நிக்காது."

அவர் சொன்னதை எழுதினேன். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மலர்விழி எப்படிப் படிக்கிறாள்?

தம்பி
கொளஞ்சி


சின்னசேலம்
18.8.2025

தம்பிக்கு அக்காவின் அன்பு.

காய்ச்சல் வந்து எழுந்தேன், அதனால் தாமதம். இப்போது பரவாயில்லை.

நீ எதுவும் கேட்கவில்லை என்று எழுதியதை நான்கு தடவை படித்தேன்.

என் வக்கீல் கலையரசனைத் தெரியுமல்லவா, இழப்பீட்டு வழக்கு நடத்துகிறவர். உன் வக்கீல் சொன்னதை அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டார். "இன்னாம்மா நீ! டிரைவர் மேல தப்பு இருந்தாத்தான் இன்சூரன்ஸ் குடுக்கும். அந்தக் கோர்ட்ல மாடு வந்துச்சுன்னு சொல்லிட்டு, இந்தக் கோர்ட்ல டிரைவர் தப்புன்னு எப்படிச் சொல்லுவ? உன் வாக்குமூலத்தையே எடுத்து உன் மூஞ்சில வீசுவான்" என்றார்.

ஒரு கோர்ட்டில் உன்னைக் காப்பாற்ற வேண்டும், அடுத்த கோர்ட்டில் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே வளாகம், கொளஞ்சி. நடுவில் ஒரு வேப்பமரமும் ஜெராக்ஸ் கடையும்தான்.

இன்சூரன்ஸ் பக்கம் இன்னொன்றும் கிளப்பியிருக்கிறார்கள். உன் மாமா புளி வியாபாரத்துக்காக வண்டியில் வரவில்லை, மச்சான் வண்டி என்று சும்மா ஏறி வந்தாராம். சரக்கு அவருடையது என்று நிரூபிக்க வேண்டுமாம். இருபது வருஷம் அந்த மலையில் வீடு வீடாகப் புளி வாங்கின மனுஷன்! ரசீது எங்கே என்கிறார்கள். மலையில் யார் ரசீது கொடுத்தார்கள்?

மலர்விழிக்கு உன் கடிதத்தைக் காட்டினேன். கையில் வாங்கவில்லை. "அவரு பேரை எங்கிட்ட எடுக்காத" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பிரேக் காரணம் இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் என்ன?

அக்கா
தங்கமணி


வெள்ளிமலை
30.8.2025

அக்கா,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் வக்கீல் சொன்னபடியே செய். நான் அதிவேகமாக ஓட்டினேன், அஜாக்கிரதையாக ஓட்டினேன், குடித்துவிட்டு ஓட்டினேன் என்றுகூடச் சொல்லிக்கொள். ஒவ்வொரு கடிதத்திலும் என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டால் நான் எதை எழுதுவது? போலீஸ் கேட்டது, டாக்டர் கேட்டார், சந்தியா வீட்டில் கேட்டார்கள். நீயாவது கேட்காமல் இருக்கக் கூடாதா?

நேற்றும் வாய்தா. அக்டோபருக்குப் போட்டிருக்கிறார்கள்.

கொளஞ்சியப்பன்


சின்னசேலம்
6.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபத்தில் எழுத வேண்டாம் என்று வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு உன் மாமாவின் தராசுக்குப் பொட்டு வைத்தேன். இந்த வருஷம் அதைத் தொட ஆளில்லை.

சந்தியா போன வாரம் வந்திருந்தாள். அவளுக்கு ஆறு மாதம் என்று நீ ஏன் எனக்கு எழுதவில்லை? எத்தனை வருஷம் கோயில் கோயிலாகப் போனீர்கள்! அவள் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். புருஷனைக் காப்பாற்று என்று கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கூண்டில் ஏறினால் மாடு வந்தது என்று ஊரில் சொன்னார்கள் என்பேன். கலையரசன் சத்தம் போடுவார், போடட்டும். பக்கத்து மில்லில் புளி உடைக்கும் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறேன். மலர்விழி படிப்பை நான் பார்த்துக்கொள்வேன். என் வயிற்றெரிச்சலோடுதான் இதைச் செய்கிறேன், தெரிந்துகொள். பெருந்தன்மை என்று நினைக்காதே. பிறக்கப் போகிற பிள்ளை தகப்பனை ஜெயிலில் போய்ப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

உடனே பதில் போடு.

அக்கா
தங்கமணி


சின்னசேலம்
2.11.2025

தம்பி,

நலமா இல்லையா, அதைக்கூட எழுத மாட்டாயா? ஒரு மாதம் ஆகப் போகிறது. தீபாவளிக்கும் ஒரு வரி இல்லை. வெள்ளிமலை பஸ் டிரைவரிடம் விசாரித்தேன். நீ தோட்டத்தில்தான் இருக்கிறாய் என்கிறார். கடிதம் கிடைத்ததா என்று மட்டும் எழுது. நான் கூண்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை உன் வக்கீல் எப்போது சொல்லித்தருவார்?

தங்கமணி


மத்திய சிறை, கடலூர்
24.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிறது. இந்தக் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். அதனால் தாமதமானால் கவலைப்படாதே.

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இருந்தாலும் நானே சொல்ல வேண்டும். பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஜட்ஜம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, "ஒத்துக்கிறீங்களா, இல்ல வழக்கை நடத்துறீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வக்கீல் பழக்கியிருந்தார்.

"ஒத்துக்கிறேங்க" என்றேன்.

இளவரசன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜட்ஜம்மா, "யாராவது மிரட்டினாங்களா? ஜெயிலுக்குப் போக வேண்டி வரும், தெரியுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். "தெரியுங்க. யாரும் மிரட்டலீங்க" என்றேன். ஓராண்டு சாதாரணச் சிறை என்றார். அப்பீல் செய்வதானால் தண்டனையை நிறுத்திவைக்கலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். வெளியே வந்ததும் இளவரசன், "ஜெயிக்கிற கேஸ்டா! உங்கக்காவே வந்து சொல்றேன்னுச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உன் கடிதம் கிடைத்தது, அக்கா. பதில் எழுதத்தான் முடியவில்லை. உன்னைப் பொய் சொல்ல வைத்து நான் வெளியே நடமாட முடியாது. இனிமேல் இழப்பீட்டு வழக்கில் டிரைவர் தப்பில்லை என்று எவனும் சொல்ல முடியாது. மலர்விழி படிக்கட்டும்.

சந்தியாவைப் பிரசவத்தின்போது ஒரு நடை போய்ப் பார்.

தம்பி
கொளஞ்சி


சின்னசேலம்
5.12.2025

கொளஞ்சிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? குளிர் காலம், போர்வை கொடுக்கிறார்களா?

யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டாய்? நான் இரவெல்லாம் புரண்டு, என் பெண்ணின் எதிர்காலத்தையே விட்டுக்கொடுத்து ஒரு முடிவெடுத்தேன். நீ ஒரு வார்த்தையில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டாய். எனக்காகச் செய்தாயாம்! அதன் லட்சணத்தைக் கேள்.

நேற்று இழப்பீட்டு வழக்கு வந்தது. நீ ஒத்துக்கொண்ட தீர்ப்பு நகலைக் கலையரசன் நீட்டினார். இன்சூரன்ஸ் வக்கீல் அதையே கையில் பிடித்துக்கொண்டு, "அக்காளுக்குப் பணம் வரணும்னு தம்பி ஜெயிலுக்குப் போயிருக்கான். உடன்பொறப்புங்க சேர்ந்து நடத்துற நாடகம்" என்று மனு போட்டுவிட்டார். நீ இல்லை என்றிருந்தால் தப்பே இல்லை என்பார்கள், ஆமாம் என்றால் நாடகம் என்கிறார்கள். வழக்கு பிப்ரவரிக்குப் போய்விட்டது. நீ உள்ளே, நான் வெளியே, உன் பெண்டாட்டி வயிற்றோடு களமருதூரில். யாருக்கு என்ன லாபம்?

பஸ்சில் வரும்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நீ எனக்காகத்தான் ஒத்துக்கொண்டாயா, நிஜமாகவே உன் மேல் தப்பு இருந்ததா? ஐந்து மாதமாகக் கேட்கிறேன். மலையும் இறங்கிவிட்டாய், வழக்கும் முடிந்துவிட்டது. இனி எதை மறைக்க வேண்டும்? கடைசித் தடவையாகக் கேட்கிறேன். இதற்கும் பதில் இல்லையென்றால் நான் இனி எழுதப் போவதில்லை.

தங்கமணி


மத்திய சிறை, கடலூர்
21.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை கொடுத்திருக்கிறார்கள். நீ திட்டியதெல்லாம் சரி.

தூங்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. வேகமும் இல்லை. நாங்கள் சிரித்துக்கொண்டு வந்தோம், அக்கா.

இதை எப்படி உனக்கு எழுதுவது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. மாடு வந்தது என்றால் நீ மாட்டைத் திட்டுவாய். தூங்கிவிட்டேன் என்றால் பாவம், அசதி என்பாய். உன் தாலி போன நேரத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

அன்று சரக்கு நல்லபடியாகக் கிடைத்த சந்தோஷம் மாமாவுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் சேலம் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்சில் மலர்விழிக்கு நீ அரை டிக்கெட் கேட்டாயாமே. உன் குரலிலேயே, "பாப்பாவுக்குப் பதினொண்ணுதாங்க, வளத்தி கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிக் காட்டினார். சொல்லிக்கொண்டே, நீ சீட்டுக்கு அடியில் அவளைக் கிள்ளின மாதிரி என் தொடையைக் கிள்ளினார். நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். நீ உதட்டைக் கடிப்பதுபோலவே கடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் குனிந்து, "பாப்பா, எத்தினியாவது படிக்கிற?" என்று கேட்டார் என்பதுவரை சொன்னார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் திரும்பும்போது வளைவில் மினி பஸ். இடது பக்கம் ஒடித்தேன். அந்தப் பக்கம்தான் பாறை. அந்தப் பக்கம்தான் மாமா.

ஆக, போலீஸ் எழுதியதில் பாதி உண்மை. அதிவேகம் இல்லை. அஜாக்கிரதை உண்டு. நான் ஒத்துக்கொண்டது உனக்காக மட்டும் இல்லை.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடு.

கொளஞ்சி


சின்னசேலம்
15.2.2026

அன்புள்ள தம்பி கொளஞ்சிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறதா? சந்தியாவுக்கு ஜனவரி ஒன்பதாம் தேதி பெண் பிறந்தது. மூக்கு உன்னுடையது. ஆறு நாள் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் எழுதவில்லை. முதலில் உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். சிரித்தார்களாமே என்று அத்தனை ஆத்திரம். நான் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து புரண்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. புளி மில்லில் ஒரு வாரம் அதே கோபத்தோடு புளி உடைத்தேன். அப்புறம் ஒரு நாள், மனுஷன் பயந்து சாகவில்லை, வலியில் கத்திக்கொண்டு போகவில்லை என்று தோன்றியது. அதுவரை ஒவ்வொரு நாளும் அவர் கத்துவதுபோலவே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது இருக்கிறது.

பதினோராம் தேதி இழப்பீட்டுக் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, "உங்களுக்குப் பணம் வரணும்னுதானே உங்க தம்பி பொய்யா ஒத்துக்கினாரு?" என்றார். இல்லை என்று மட்டும் சொல் என்று கலையரசன் சொல்லியிருந்தார். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை.

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு என்ன மாதிரியே பேசிக் காட்டினாரு. எந்தம்பி ரோட்டைப் பாக்காம அவரு மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிக்கினு ஓட்டினான். அதாங்க நடந்தது. பணத்துக்காகன்னா இதையா நான் வெளிய சொல்லுவேன்?" என்றேன்.

ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்றார். மலையிலிருந்து சின்னதுரை என்பவர் வந்து, அன்று அவர் வீட்டில்தான் உன் மாமா புளி எடை போட்டார் என்று சாட்சி சொன்னார். ரசீது கேட்டதற்கு, "அவரு பேச்சே ரசீதுதாங்க" என்றார். தீர்ப்பை மார்ச் இருபதாம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள். எதிராக வந்தால் ஹைகோர்ட் போகலாம் என்கிறார் கலையரசன். எத்தனை வருஷமோ! எனக்கு அலுத்துவிட்டது.

மலர்விழி என்னோடு கோர்ட்டுக்கு வந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். கீழே அவளும் எழுத வேண்டுமாம். இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா
தங்கமணி

மாமாவுக்கு,

நான் உங்களோடு பேசிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா சொன்ன கதை பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கண்டக்டர் கேட்டதும் நான் எழுந்து நின்று, "எட்டாவது படிக்கிறேங்க. அஞ்சாவதுன்னு சொல்லச் சொன்னாங்க எங்கம்மா" என்றேன். பஸ்சே சிரித்தது. கண்டக்டர் முழு டிக்கெட்டைக் கிழித்து அம்மா கையில் வைத்து அழுத்தினார். இதைச் சொல்லும்போது அப்பா உங்கள் உள்ளங்கையைப் பிடித்து அழுத்தியிருப்பார். அப்புறம் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். பஸ் கிளம்பிவிடும். அதோடு முடிந்தது.

மலர்விழி